பாம்புப் புத்தகத்தை எங்கிருந்து படிப்பது?

கதைப் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். நடுவில் திறந்தால் யார் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். சிங்கம் ஏன் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது, முயல் ஏன் பக்கத்தில் நின்று சிரிக்கிறது என்பது விளங்காது. பாம்புகளைப் பற்றிய புத்தகம் அப்படியல்ல. சட்டை உரிப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். நச்சுப்பல்லின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கலாம். நாளைக்கு வேறொரு பக்கத்தில் திறக்கலாம். பெரியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது இரண்டு புத்தகத்தையும் ஒரே மாதிரி புரட்டுகிறது. பாம்புப் புத்தகத்தில் கதை எங்கே என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல் கீழே வைத்துவிடுகிறது.

தகவல் நூலுக்கென்று சில உறுப்புகள் உண்டு. முன்னால் பொருளடக்கம், பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு, அதன்கீழ் துணைத்தலைப்பு, படத்தின் அடியில் குறிப்பு, கோடிழுத்து எழுதிய பெயர்கள், தடித்த எழுத்தில் சில சொற்கள், அவற்றின் பொருளைச் சொல்லும் கடைசிப் பக்கம், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு. இவற்றைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எந்த வயதில், எவ்வளவு, எப்படி அறிமுகப்படுத்துவது என்பதைக் கல்வியாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளிடம் நடந்தவை. அவற்றில் தமிழ்க் குழந்தைக்கு எது பொருந்தும், எதைப் புதிதாக யோசிக்க வேண்டும் என்று பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறுப்புகளின் பெயரைக் கற்பிப்பதால் விளையும் பயன் குறைவு. அவை தேவைப்படும் நிலையைக் குழந்தைக்கு உண்டாக்கித் தருவதுதான் ஆசிரியரின் வேலை.

கதைக்குக் கொடுத்த இடம்

2000ஆம் ஆண்டில் நெல் டியூக் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் பெரிய அதிர்வை உண்டாக்கியது. பாஸ்டன் வட்டாரத்தில் முதல் வகுப்பு நடக்கும் 20 வகுப்பறைகளை அவர் நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தார். எழுத்தோடு சம்பந்தப்பட்ட வேலைகளில் தகவல் நூல்களுக்குக் கிடைத்த நேரம் சராசரியாக நாளொன்றுக்கு 3.6 நிமிடம். ஏழைக் குழந்தைகள் படிக்கும் வகுப்பறைகளில் அதைவிடக் குறைவு. வீட்டில் புத்தகம் இல்லாத குழந்தைக்குப் பள்ளிதான் ஒரே வழி. அங்கேயும் அந்தக் கதவு பாதிக்கு மேல் சாத்தியிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டால், சின்னக் குழந்தைகளுக்குக் கதைதான் புரியும், தகவல் பிறகு வரட்டும் என்ற நம்பிக்கைதான் பதிலாக வந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை அதற்கு முன்பே கிறிஸ்டீன் பாப்பாஸ் காட்டியிருந்தார். மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதையையும் தகவல் நூலையும் வாசித்துக் காட்டிவிட்டு, படிக்கத் தெரியாத அவர்களையே ‘படிப்பது போல’ நடிக்கச் சொன்னார். கதையை எவ்வளவு நன்றாகத் திருப்பிச் சொன்னார்களோ அவ்வளவு நன்றாகத் தகவல் நூலையும் சொன்னார்கள். டியூக்கும் ஜேன் கேஸும் 1998இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில மாதங்கள் தொடர்ந்து தகவல் நூல்களைக் கேட்ட குழந்தைகளின் ‘நடிப்பு வாசிப்பில்’ மொழியே மாறியிருந்தது. ஒரு குறிப்பிட்ட நாயைப் பற்றிச் சொல்வதை விட்டு நாய்கள் பொதுவாக எப்படி இருக்கும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த மொழி மாற்றம் தமிழில் இன்னும் தெளிவாகக் காதில் விழும் என்பது என் எண்ணம். நம் கதைகள் ‘ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம், அது ஆத்துக்குப் போச்சாம்’ என்று போகும். அந்த ‘ஆம்’ வந்துவிட்டால் கேட்கிற குழந்தைக்கு இது கதை என்று தெரிந்துவிடும். தகவல் நூலோ ‘யானை இலை தழைகளைத் தின்னும், மந்தையாக வாழும், குட்டியைச் சுற்றி நின்று காக்கும்’ என்று எழுதப்படுகிறது. இந்த ‘உம்’ நேற்று நடந்ததைச் சொல்லவில்லை. நாளை நடக்கப்போவதையும் சொல்லவில்லை. எப்போதும் நடப்பதைச் சொல்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத நான்கு வயதுக் குழந்தையும் இந்த இரண்டு ஓசைகளைப் பிரித்தறியும். அப்படியானால் தகவல் நூலின் முதல் அடையாளம் கண்ணுக்குத் தெரியும் பொருளடக்கமோ தலைப்போ அல்ல, காதுக்குக் கேட்கும் வினைமுற்று. வாய்விட்டு வாசித்துக் காட்டினாலே இது வந்துவிடும். தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ‘இது கதையா, நிஜமா? எப்படிக் கண்டுபிடிச்ச?’ என்று ஒரு கேள்வி போதும்.

ஆனால் வாசித்துக் காட்ட வேண்டும். நம் வீடுகளில் தாத்தா பாட்டி கதை சொல்வதுண்டு. மழை எப்படிப் பெய்கிறது, எறும்புப் புற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை மடியில் வைத்துப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டும் வழக்கம் அரிது. அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. குழந்தை சந்திக்கும் முதல் தகவல் நூல் பெரும்பாலும் அதன் பாடநூல்தான். அதில் பொருளடக்கம் உண்டு, தலைப்பு உண்டு, ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டி உண்டு, 2018க்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகூட உண்டு. ஆனால் வகுப்பில் ஆசிரியரே ‘23ஆம் பக்கம் எடுங்க’ என்று சொல்லிவிடுகிறார். பிறகு பொருளடக்கத்தைக் குழந்தை எதற்காகத் திறக்கும்? எந்தப் பக்கம் என்று தேடும் வேலையை நாமே செய்துவிட்டு, தேடும் கருவியை அதற்கு அறிமுகப்படுத்த நினைப்பது பொருந்தாது.

படம் பார்ப்பதும் படிப்பதுதான்

மேரி ஆன் இவான்ஸும் ஜான் சான்-ஓபானும் 2005இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும்போது குழந்தையின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கண் ஏறத்தாழ முழுவதும் படத்தில்தான் இருந்தது. எழுத்தின் பக்கம் அது அபூர்வமாகவே போனது. எனவே தகவல் நூலின் உறுப்புகளைப் பற்றிய எந்தப் பேச்சும் படத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. 1658இல் நியூரம்பெர்க்கில் கொமேனியஸ் வெளியிட்ட சித்திர உலகம் என்ற பாடப்புத்தகத்துக்கு இது தெரிந்திருந்தது. மரச்செதுக்குப் படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதே எண் பக்கத்திலுள்ள வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கும். படத்தில் பார்த்ததை எழுத்தில் தேடு, எழுத்தில் படித்ததைப் படத்தில் பார் என்ற ஏற்பாடு அது. இன்று பூவின் படத்தில் சூலகம், மகரந்தத்தாள் என்று கோடிழுத்து எழுதுவது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி.

படம் எல்லோருக்கும் புரியும், அதைக் கற்பிக்க வேண்டியதில்லை என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. டியூக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பள்ளிக்கு முந்தைய வயது முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளிடம், படங்களைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். படத்திலிருப்பது அசையாது. படம் பொருளுக்குப் பதிலாக நிற்கிறது, அதுவே பொருள் அல்ல. வரைந்தவர் ஏதோ ஒன்றைச் சொல்ல நினைத்தே வரைந்திருக்கிறார். எழுத்தில் உள்ள எல்லாமும் படத்தில் இருக்க வேண்டியதில்லை. எழுத்து சொல்லாததைப் படம் சொல்லலாம். இவற்றில் சில பள்ளியில் சேருமுன்பே வந்துவிடுகின்றன. சில மூன்றாம் வகுப்பு முடியும்போதும் எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படவில்லை. படம் எழுத்துக்கு அலங்காரம் என்றே எட்டு வயதிலும் சில குழந்தைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அப்படி நினைக்க நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

வகுப்பறையில் தடுமாற்றம் வருகிற இடங்களைச் சொல்கிறேன். முதலாவது அளவு. ஒரு பக்கம் முழுக்க எறும்பு. எதிர்ப் பக்கத்தில் மூலையில் யானை. பெரியவர்கள் அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். ஐந்து வயதுக் குழந்தை அந்த எறும்பைப் பார்த்து, காட்டில் இவ்வளவு பெரிய எறும்பு இருக்கிறதாக்கும் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. நல்ல நூல்களில் எறும்பின் பக்கத்தில் ஒரு விரல் நுனி அல்லது ஓர் அரிசி இருக்கும். இல்லாத நூலில் ஆசிரியரே ஓர் அரிசியை எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம்.

இரண்டாவது வட்டப்படம். தவளையின் வாழ்க்கைச் சுழற்சி என்று முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்தது, தவளை ஆகிய நான்கையும் வட்டமாக வரைந்திருப்பார்கள். நமக்கு அது ஓர் உயிரின் நான்கு காலம். குழந்தைக்கு நான்கு பிராணிகள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. காலம் இங்கே அம்புக்குறியாக மாறியிருக்கிறது என்பதை யாராவது விரல் வைத்துச் சொல்ல வேண்டும். அம்புக்குறிக்கே பல பொருள் உண்டு என்பது மூன்றாவது சிக்கல். பெயர் எழுதிய கோடு ‘இதுதான் அது’ என்கிறது. வாழ்க்கைச் சுழற்சியின் அம்பு ‘பிறகு இப்படி ஆகும்’ என்கிறது. உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கும் அங்கிருந்து தவளைக்கும் போகும் அம்பு, ஆற்றல் எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. அதைப் பார்க்கும் குழந்தை ‘புல்லு வெட்டுக்கிளியைத் தின்னுது’ என்று படித்தால், தவறு குழந்தையுடையது அல்ல. மூன்று வேலைக்கு ஒரே குறியை வைத்துவிட்டு நாம் எதையும் சொல்லாமல் இருந்ததன் விளைவு. நான்காவது குறுக்குவெட்டுத் தோற்றம். புற்றை வெட்டிக் காட்டும் படத்தை விளக்குவதற்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அறுத்து, முதலில் பழத்தை வரையச் சொல்லி, பிறகு உள்ளே தெரிவதை வரையச் சொன்னால் போதும். படத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

இதையெல்லாம் பெயர் சொல்லாமலே செய்யலாம். ‘குறுக்குவெட்டு’ என்ற சொல் பின்னால் வரட்டும்.

பக்க அமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1988இல் லண்டனைச் சேர்ந்த டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் வெள்ளைப் பின்னணியில் பெரிய நிழற்படங்களும் சுற்றிலும் சிதறிய குறிப்புகளுமாக ஒரு புதிய நூல்வரிசையைத் தொடங்கியது. உலகெங்கும் அந்த அமைப்பைப் பின்பற்றினார்கள். படத்தின் வழியாக நுழையும் குழந்தைக்கு அது கொண்டாட்டம். ஆனால் பதினைந்து துண்டுகள் உள்ள பக்கத்தில் எது முதன்மை, எது துணை என்று முடிவெடுக்க ஒரு திறமை வேண்டும். ரூத் கார்னரும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் காட்டியது இதனோடு சேர்ந்தது: சுவையான துணுக்குகள் நடுவில் வந்தால் வாசகர் அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு முக்கியமான கருத்தைக் கோட்டைவிடுகிறார். அவர்கள் சோதித்தவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களும் பெரியவர்களும். ஏழு வயதுக் குழந்தையிடம் அது இன்னும் கடுமையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டி மட்டுமே நினைவில் நிற்கும் பாடங்கள் நம்மிடம் நிறைய.

தேடச் சொல்வதும் தேவைப்படுவதும்

2010இல் அமெரிக்காவில் வந்த பொதுப் பாடத்தரங்கள் நூல் உறுப்புகளுக்கு ஒரு படிவரிசை வகுத்தன. மழலையர் வகுப்பில் முன்னட்டை, பின்னட்டை, தலைப்புப் பக்கம். முதல் வகுப்பில் தலைப்புகள், பொருளடக்கம், கலைச்சொல் விளக்கம். இரண்டாம் வகுப்பில் படக்குறிப்பு, தடித்த எழுத்து, துணைத்தலைப்பு, சொல்லடைவு. இங்கிலாந்தின் பாடத்திட்டமும் இரண்டாம் வகுப்பிலேயே வெவ்வேறு விதமாக அமைந்த தகவல் நூல்களை அறிமுகப்படுத்தச் சொல்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் தரம் என்று எழுதிவிட்டால் அது பயிற்சித்தாள் ஆகிவிடும். அப்படித்தான் ஆயிற்று. ‘உன் புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கண்டுபிடித்து டிக் போடு, படக்குறிப்பைக் கண்டுபிடித்து டிக் போடு’ என்ற ‘வேட்டை’ பல நாட்டு வகுப்பறைகளில் இன்று வழக்கமாகிவிட்டது. குழந்தைகளுக்கு அது பிடிக்கும், ஆசிரியருக்கும் எளிது, மதிப்பெண் போடலாம்.

விக்டோரியா பர்செல்-கேட்ஸ், டியூக், ஜோசப் மார்ட்டினோ ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இரண்டு காரணிகளை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, தகவல் நூலின் உறுப்புகளையும் நடையையும் ஆசிரியர் வெளிப்படையாக விளக்கிக் கற்பிப்பது. மற்றது, வகுப்பறைக்கு வெளியே மனிதர்கள் எதற்காகப் படிக்கிறார்களோ எழுதுகிறார்களோ அதற்காகவே குழந்தைகளும் படிப்பது, எழுதுவது. தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகப் படிப்பது, அதைத் தெரியாத ஒருவருக்குச் சொல்வதற்காக எழுதுவது. வளர்ச்சியை அளக்க ஏழு அளவைகள் வைத்திருந்தார்கள். வெளிப்படையாகக் கற்பித்தது ஏழில் ஆறில் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. உண்மையான நோக்கத்தோடு படித்ததும் எழுதியதும் நான்கில் வளர்ச்சியோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தன.

உறுப்புகளின் பெயரையும் பயனையும் விளக்கவே கூடாது என்று இந்த முடிவிலிருந்து நான் சொல்லவரவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. தேவை எழுந்த நொடியில் சொன்ன ஒரு வாக்கியம் நிற்கும்; தேவையே இல்லாதபோது நடத்திய முழுப் பாடமும் நிற்காது. இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘டீச்சர், பல்லிக்கு வால் அறுந்தா வலிக்குமா?’ ஆசிரியருக்குப் பதில் தெரிந்தே இருக்கலாம். ‘தெரியலையே கண்ணு. இந்தப் புத்தகத்துல இருக்கான்னு பாப்போமா? எங்க இருக்கும்னு நெனக்கிற?’ என்று அவர் கேட்டால் வகுப்பு முழுவதும் பொருளடக்கத்தைப் பார்க்கும். ‘பல்லியின் உணவு’, ‘பல்லியின் உடல்’, ‘எதிரிகளிடமிருந்து தப்பித்தல்’ என்று மூன்று தலைப்பு. எதைத் திறப்பது? உடல் என்று பாதிப் பேர், தப்பித்தல் என்று மீதிப் பேர். இந்த வாக்குவாதத்தில்தான் தலைப்பு என்பது ஒரு வாக்குறுதி என்று குழந்தைக்குப் புரிகிறது. முதலில் திறந்த பக்கத்தில் பதில் இல்லாமல் போவதும் நல்லதே, அடுத்ததைத் திறப்பார்கள்.

இதே எண்ணத்தை முறைப்படுத்தியவர் டானா ஓகிள். 1986இல் அவர் சொன்ன மூன்று பத்தி அட்டவணை உலகெங்கும் பரவியது: எனக்கு என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், என்ன தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரேயும் மோரீன் லூயிஸும் 1990களில் செய்த வேலையும் இந்த வழியில் வந்தது. ‘திமிங்கிலத்தைப் பற்றி எழுது’ என்று சொன்னால் குழந்தை புத்தகத்திலுள்ளதை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். கேள்வியோடு போகும் குழந்தைக்குப் பக்கம் முழுவதும் தேவைப்படாது. தனக்கு வேண்டிய இரண்டு வரியைத்தான் எடுக்கும். நம் ஊரில் ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் கடையில் படம் வாங்கி ஒட்டி, அப்பா இணையத்தில் எடுத்துத் தந்ததை அழகாக எழுதும் பிள்ளைகளுக்கும் மருந்து இதுதான். தலைப்பைக் கொடுக்காமல் கேள்வியைக் கேட்க விட வேண்டும்.

எழுதவைப்பது இன்னும் சிறந்த வழி. ஒரு வகுப்பே சேர்ந்து ‘எங்கள் தெருவின் மரங்கள்’ என்று ஒரு புத்தகம் செய்யட்டும். ஒவ்வொருவரும் ஒரு மரத்துக்கு ஒரு பக்கம். எல்லாவற்றையும் அடுக்கித் தைத்த பிறகுதான் சிக்கல் வரும்: புங்கமரம் எழுதிய பிள்ளை தன் பக்கத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும், அது எங்கே? பக்க எண் போட வேண்டியதாகிறது. பிறகு முன்னால் ஒரு பட்டியல் எழுத வேண்டியதாகிறது. பொருளடக்கம் புத்தகத்தின் முதலில் இருந்தாலும் கடைசியாக எழுதப்படுவது என்பது பல பெரியவர்களுக்கே தோன்றாத உண்மை. அந்த வகுப்பின் பிள்ளைகளுக்கு அது மறக்காது.

தமிழ்ப் புத்தகத்தின் தனிச் சிக்கல்கள்

இதுவரை சொன்ன ஆய்வுகள் எதுவும் கவலைப்படத் தேவையில்லாத சில விஷயங்கள் தமிழில் உண்டு. முதலாவதாக, நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் பார்த்தவுடன் துருத்திக்கொண்டு தெரியும். தமிழ்ப் பக்கத்தில் எல்லாச் சொல்லும் ஒரே உயரம். ‘வேங்கை’ என்று வந்தால் மரமா, புலியா? ‘தாமரை’ பூவா, அந்தப் பெயருள்ள பெண்ணா? சாய்வெழுத்தும் தமிழ் அச்சில் நன்றாக அமைவதில்லை. ஆகவே தடித்த எழுத்தும் படக்குறிப்பும் தமிழில் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் சுமை தாங்குகின்றன. நம் சிறுவர் நூல்களிலோ தடித்த எழுத்தை அழகுக்காக எங்கு வேண்டுமானாலும் போடுகிறார்கள். ஒரு நூலில் கலைச்சொல்லுக்கு, இன்னொன்றில் ஆச்சரியத்துக்கு, மற்றொன்றில் வெறுமனே வரி நிரப்ப. இப்படி இருந்தால் தடித்த எழுத்துக்கு ஒரு பொருள் உண்டு என்று குழந்தை எப்படி அறியும்?

இரண்டாவது சிக்கல் சொல்லடைவு. அதில் ‘மரம் 7, 12’ என்று இருக்கும். 7ஆம் பக்கத்துக்குப் போனால் அங்கே ‘மரத்தில்’, ‘மரங்களுக்கு’ என்று இருக்கும். ‘ஆறு’ தேடினால் ‘ஆற்றங்கரை’. ‘காடு’ தேடினால் ‘காட்டுக்குள்’. வேற்றுமை ஏறும்போது தமிழ்ச் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தை பக்கம் முழுக்க விரலை ஓட்டிவிட்டு ‘இல்ல டீச்சர்’ என்று சொல்வது இதனால்தான். அகரவரிசையும் எளிதல்ல. இன்று முதல் வகுப்பில் எழுத எளிதான எழுத்துகளை முன்னால் கற்பிக்கிறார்கள். ட, ப, ம போன்றவை முதலில் வருகின்றன. எழுதக் கற்க அது நல்ல முறை. ஆனால் அகராதியின் வரிசை அதில் படியாது. அதைத் தனியாகப் பழக்க வேண்டும். சொல்லடைவுக்கு நாம் மூன்றாம் வகுப்பு வரை காத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆங்கில வழிப் பாடத்தரத்தைப் பார்த்து இரண்டாம் வகுப்பிலேயே அவசரப்பட வேண்டியதில்லை.

தேடுவதற்கான நூல் என்ற எண்ணம் நமக்குப் புதியதல்ல. நிகண்டுகள் பாட்டாக இருந்தன, மனப்பாடம் செய்வதற்காக. 1732இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதி சொற்களை அகரவரிசையில் அடுக்கியது. அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, திறந்து தேடினால் போதும். குழந்தைகளுக்காக அந்த எண்ணத்தைப் பெரிய அளவில் நிறைவேற்றியவர் பெரியசாமித் தூரன். தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காக அவர் தலைமையில் பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை வந்தது. உடனே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் இறங்கி, 1968 முதல் 1976 வரை அதையும் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். நல்ல தாளில், படங்களோடு, அகரவரிசையில். அந்த வரிசையில் விரும்பிய தலைப்பைத் தானே தேடி எடுத்த குழந்தைக்கு நூல் உறுப்புகளைப் பற்றி வேறு பாடம் தேவைப்பட்டிருக்காது. பிறகு 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் மாதந்தோறும் அந்த வேலையைத் தொடர்ந்தது. இன்று பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுபோயிருக்கிறது. மெல்லிய புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தது பெரிய காரியம். அதே மெல்லிய வடிவில் தகவல் நூல்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

மூன்றாவது, நமக்கே உரிய ஒரு வழக்கம். தண்ணீர் பேசுகிறது, மரம் தன் கதையைச் சொல்கிறது, பழைய பேனா வருந்துகிறது. பள்ளிக் கட்டுரையில் ‘நான் ஒரு மரம் பேசுகிறேன்’ எழுதாதவர் நம்மில் குறைவு. தமிழில் அறிவியல் சொல்லும் சிறுவர் நூல்களில் பெரும்பங்கு இந்த உத்தியில்தான் எழுதப்படுகிறது. பேட்ரீசியா கானியாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகத் தொடுகிறது. குழந்தைகள் கேள்விப்படாத விலங்குகளைப் பற்றி, ஒரு பிரிவுக்கு நேர்நடையிலும் மற்றொன்றுக்கு விலங்கு மனிதரைப் போல நினைப்பதாகவும் பேசுவதாகவும் எழுதி வாசித்துக் காட்டினார்கள். மனித குணம் ஏற்றிய மொழியைக் கேட்ட குழந்தைகள் நிஜ விலங்குக்கும் மனித உணர்வுகளை ஏற்றிச் சொன்னார்கள். அத்தகைய நூல்கள் வயதில் இளையவர்கள் புதிய தகவலைக் கற்பதையும் பாதித்தன.

மரம் பேசும் நூல்களைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனமில்லை. அவற்றில் அன்பு இருக்கிறது. இயற்கையின்மேல் பரிவு பிறப்பதும் அப்படித்தான். ஆனால் எல்லா அறிவும் யாரோ பேசித்தான் வர வேண்டும் என்றில்லை. நேராகச் சொல்லும் நூல் ஒன்று, மரம் பேசும் நூல் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘இந்தப் பக்கத்துல எது நிஜமா நடக்கும், எது சும்மா சொன்னது?’ என்று கேட்டால், புனைவையும் தகவலையும் பிரிக்கும் திறமைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆங்கிலச் சூழலுக்கென்று எழுதிய பயிற்சிநூல்கள் புனைவும் தகவலும் தனித்தனி அலமாரியில் இருப்பதாகவே வைத்துக்கொள்கின்றன. நம் அலமாரியில் அவை ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் கூர்மை தேவை.

யார் சொன்னது, எப்போது?

நூல் உறுப்புகளைப் பற்றிய மேலைநாட்டுப் பட்டியல்களில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. தேடும் கருவிகளுக்குக் கொடுத்த இடத்தை, நம்பலாமா என்று சோதிக்கும் கருவிகளுக்குச் சின்ன வயதில் அவை கொடுப்பதில்லை. நம் மரபில் இது முதலில் வரும். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது: செய்தவர் பெயர், எந்த நூலின் வழியாக வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர், அமைப்பு, பொருள், கேட்பதற்கு உரியவர், கிடைக்கும் பயன். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூலை எழுதிய பவணந்தியார் கேட்ட இந்தக் கேள்விகளில் பாதியை ஒரு ஆறு வயதுக் குழந்தை தன் கையிலுள்ள பறவைப் புத்தகத்திடம் கேட்க முடியும். யார் எழுதினாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்? நேரில் போய்ப் பார்த்தாங்களா? எந்த ஊர்ப் பறவை? யார் படிக்கிறதுக்கு? பின்னட்டையில் எழுதியவரைப் பற்றிய நான்கு வரி அதற்குத்தான் இருக்கிறது.

‘எப்போது’ என்ற கேள்வியும் சேர வேண்டும். நூலகத்தில் சூரியக் குடும்பம் பற்றிய இரண்டு புத்தகங்களை எடுங்கள். ஒன்றில் ஒன்பது கோள்கள், இன்னொன்றில் எட்டு. எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்றால் என்ன என்று வரையறுத்து, புளூட்டோவைக் குறுங்கோளாக வகைப்படுத்தியது. அதற்கு முன் அச்சான நூலில் ஒன்பதுதான் இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைகள் இந்தப் புதிரை விடாப்பிடியாகத் துரத்துவார்கள். தலைப்புப் பக்கத்தின் பின்னால் பொடி எழுத்தில் கிடக்கும் பதிப்பு ஆண்டுதான் விடை என்று கண்டுபிடிக்கும்போது, யாரும் கவனிக்காத அந்தப் பக்கம் அவர்களுக்கு முக்கியமாகிவிடுகிறது. கைபேசியில் வரும் செய்திகளுக்கும் இதே கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை இங்கிருந்து தொடங்கலாம். திரையில் தேதியும் எழுதியவர் பெயரும் பல நேரம் இருக்கவே இருக்காது என்பதையும் அவர்கள் கண்டுகொள்வார்கள்.

ஆசிரியர்களைப் பற்றியே பேசிவிட்டேன். பதிப்பாளர்களின் பொறுப்பு குறைந்ததல்ல. 24 பக்கத் தமிழ்ச் சிறுவர் நூலில் பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பக்கம் போதாது என்பது காரணம் அல்ல, பழக்கம் இல்லை. இருபது சொல்லுக்கு அரைப் பக்கம் போதும். உரையில் எந்த வடிவில் சொல் வருகிறதோ அதையும் அடைப்புக்குள் சேர்த்து ‘ஆறு (ஆற்றில், ஆற்றங்கரை)’ என்று கொடுத்தால் நம் மொழியின் சிக்கல் பாதி தீரும். தடித்த எழுத்தை ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எறும்பின் பக்கத்தில் ஓர் அரிசியை வரையலாம். எழுதியவரும் படம் வரைந்தவரும் அந்தப் பொருளை எங்கே பார்த்தார்கள் என்று இரண்டு வரி எழுதலாம். பதிப்பு ஆண்டைக் குழந்தை படிக்கிற அளவு எழுத்தில் அச்சிடுவதற்குக் கூடுதல் மை ஒரு பொட்டுதான் ஆகும்.